பகலில் மணி அடிக்காத வீடு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. பாதி சுகம். மீதியைக் கீழே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று அண்ணி சிரிப்பார். சிரிக்கட்டும். எங்கள் வீடு ஒரே அறை. அதில் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு வரை உங்கள் மாப்பிள்ளை தூங்குகிறார், இல்லை, தூங்கப் பார்க்கிறார். போன் மணி அடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அன்றைய தூக்கம் அதோடு சரி. நான்குக்கு அவர் எழுந்த பிறகு அவர் எதிரிலேயே அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு வேலைக்குக் கிளம்பிய பிறகு பேசலாமென்றால், நீங்கள் இப்போது ஒன்பதுக்கே படுத்துவிடுகிற நல்ல பிள்ளை. அதோடு உங்கள் குரல் சாதாரணக் குரலா? இருபது வருஷம் கிரேன் கூண்டில் உட்கார்ந்து கீழே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டுமென்று கத்திப் பழகிய குரல். நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதனால் கடிதம்.

ஜன்னலுக்குக் கம்பளி அடித்துவிட்டோம். வாசல் மணியின் ஒயரை அவரே பிடுங்கிவிட்டார். குக்கர் விசில் அடிக்கும் என்று மாலை நான்குக்குப் பிறகுதான் சோறு வைக்கிறேன். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நுழைகிறாள். வீட்டுப்பாடம் மாடிப்படியில். போன வாரம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஏன் எப்பவும் கிசுகிசுன்னே பேசுறா? தொண்டையில எதாவது கோளாறா?" என்று கேட்டார்.

அவர் இளைத்துவிட்டார் அண்ணா. பெல்ட்டில் ஆணியால் இரண்டு புது ஓட்டை போட்டிருக்கிறார். படுப்பதற்கு முன்னால் இரண்டு பாட்டில் தண்ணீர் குடிக்கிறார், அப்புறம் நாலு தடவை எழுந்து போகிறார். எழுந்தால் தூக்கம் போச்சு, தூக்கம் போனால் கோபம். நீங்கள் மேஸ்திரியிடம் சொல்லி அவரை நிரந்தரமாக ராத்திரி ஷிப்டில் போட வைத்தீர்கள். வாராவாரம் மாறாமல் ஒரே நேரம் என்பது நல்லதுதான், அதில் குறை சொல்லவில்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க விழிப்பு ஒரு மனுஷனை இப்படி உருக்குமா?

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? மாத்திரையை மறக்கிறீர்களா? அண்ணியிடம் உண்மையைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

உங்கள்
வாயாடி


ஜனவரி 17

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அண்ணி எனக்கு முன்னால் பிரித்துவிட்டாள். என் குரலைப் பற்றி எழுதியதை மட்டும் மூன்று தடவை வாசித்தாள்.

இங்கே எனக்கு ராஜ வாழ்க்கை. ஆலையின் இந்தக் கிளையில் லாரி எடை போடுகிற மேடையில் உட்கார வைத்திருக்கிறார்கள். லாரி ஏறும், முள் நிற்கும், சீட்டு எழுதுவேன், லாரி இறங்கும். ஆறு மாதமாகத் தரையில் இருந்தும் இன்னும் கீழே பார்த்துத்தான் பேச வருகிறது. ஓட்டுநர்கள் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைக்கிறார்கள்.

காலை எட்டுக்கு டிபன், ஒரு மணிக்குச் சோறு, ராத்திரி எட்டுக்கு முன்னால் இரண்டு சப்பாத்தி. அண்ணி சிறை அதிகாரி மாதிரி நிற்கிறாள். காலையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற கருவி ஒன்று இருக்கிறது, அதில் நூற்றிருபதைத் தாண்டினால் அன்று முழுக்க எனக்கு விசாரணைதான். உடம்பு தேறியிருக்கிறது. பகல் வேலையும் ராத்திரித் தூக்கமும் கிடைத்தால் போதும், உடம்பு சொன்ன பேச்சு கேட்கும் போலிருக்கிறது.

அந்தக் கருவியில் இன்னொன்று கையில் சும்மா கிடந்தது. இத்தோடு அனுப்புகிறேன். மாப்பிள்ளையையும் ஒரு தடவை குத்திப் பார்க்கச் சொல்லேன். ராத்திரி வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பது நல்லது என்கிறார்கள். வேறு ஒன்றுமில்லை.

பாப்பாவுக்கு முத்தம்.

அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கருவி வந்தது. ஊசி வைக்கிற குட்டி டப்பாவில் உங்கள் மாப்பிள்ளை ஸ்க்ரூ போட்டு வைத்திருக்கிறார். கருவி அலமாரியில் படுத்துத் தூங்குகிறது. இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்குவது அது ஒன்றுதான்.

குத்திப் பாருங்கள் என்று சொன்னேன். "அதெல்லாம் போன வருஷமே பாத்தாச்சு. எனக்குச் சர்க்கரையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது" என்றார். எங்கே பார்த்தீர்கள், நீங்கள் கான்ட்ராக்ட் ஆள், ஆலை மருத்துவப் பரிசோதனையில் உங்களை வாசலுக்குள்ளேயே விடமாட்டார்களே என்று கேட்டேன். சிரித்தார். "உங்க அண்ணனைக் கேளு" என்றார். திரும்பிப் படுத்துவிட்டார். நீங்கள் இருவரும் சேர்ந்து தனியார் ஆய்வகம் எதற்காவது போனீர்களா? எனக்கு ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று. புது பூட்ஸ் கடித்து வலது கால் சுண்டுவிரலில் கொப்புளம் வந்தது. வந்து பதினைந்து நாளாகிறது, ஆறவே இல்லை. வலிக்கிறதா என்றால் வலியே இல்லை என்கிறார். வலிக்காத புண்ணைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

விடியற்காலை மூன்று மணிக்கு ஆலையில் அவர்களுக்குச் சாப்பாட்டு இடைவேளை. நான் கட்டிக் கொடுக்கிற சோறு அதற்குள் ஆறி விறைத்துவிடுகிறதாம். அதனால் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயும் ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட்டும். "அது இல்லன்னா நாலு மணிக்குக் கண்ணு சொருகிடும்" என்கிறார். இதைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நீங்கள்தானாம்.

சீக்கிரம் எழுதுங்கள்.

வாயாடி


பிப்ரவரி 10

அன்புள்ள வாயாடிக்கு,

மாப்பிள்ளை சொன்னதையெல்லாம் நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஆலையில் ஆம்பிளைங்க ஆயிரம் விளையாட்டுப் பேச்சு பேசிக்கொள்வோம், அதில் இதுவும் ஒன்று. எப்போது, எங்கே என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை.

காலைக் கவனி. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய பருத்தித் துணியால் ஒத்தி எடுத்து, காற்றாட விடு. பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்கச் சொல். ஆறிவிடும்.

இங்கே நேற்று ஒரு லாரி எடை மேடையிலேயே டயர் வெடித்து நின்றுவிட்டது. நாலு மணி நேரம் வேறு லாரி ஏற முடியவில்லை. எல்லோரும் என்னைத் திட்டினார்கள், நானா வெடிக்க வைத்தேன்? அண்ணி மொட்டை மாடியில் தொட்டி வைத்து மிளகாய்ச் செடி வளர்க்கிறாள். பாப்பா என்ன வகுப்பு, நாலா ஐந்தா? மறந்துவிட்டது, வயசாகிறது பார்.

ரத்தம் பார்த்துவிடுவது எதற்கும் நல்லது. அவரை வற்புறுத்து.

அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

பாப்பா மூன்றாம் வகுப்பு. போன வருஷம் அவள் இரண்டாம் வகுப்பு மார்க்கை நீங்கள்தான் கேட்டு வாங்கிப் பார்த்தீர்கள், மறந்ததுபோல் நடிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். லாரிக்கும் மிளகாய்ச் செடிக்கும் ஒரு பக்கம். நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பூசி மெழுகியிருக்கிறீர்கள். சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பாவிடம் காற்றடித்ததைப் பற்றிப் பேசினீர்களே, அதே ஆள்தான் இப்போதும்.

கழுவினேன், ஒத்தினேன், காற்றாட விட்டேன். விரல் கறுத்துப்போய்விட்டது. ஒரு வாடை வருகிறது, எழுதவே கூசுகிறது. அவர் காலில் பாலிதீன் பையைக் கட்டி, அதன்மேல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். லீவு போட்டால் கான்ட்ராக்ட்காரன் வேறு ஆள் போட்டுவிடுவானாம்.

நேற்று அழுதேன். சத்தம் போட்டே அழுதேன், தூக்கம் கெட்டால் கெடட்டும் என்று. ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், சர்க்கரையாக இருக்கும் என்று கெஞ்சினேன். எழுந்து உட்கார்ந்து என்ன சொன்னார் தெரியுமா? "மச்சானே தன் வாயால சொன்னாரு, உன் ரத்தம் பாஸுன்னு. உங்க அண்ணன் என்கிட்ட பொய் சொல்வாரா?"

என் கல்யாணத்தன்று நீங்கள் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "என் தங்கச்சிகிட்ட எதையும் மறைக்காதீங்க மாப்பிள்ளை, அது ஒண்ணுதான் நான் கேக்குறது" என்று சொன்னீர்களாம். அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். நான் சொன்னால் காதில் ஏறாது. டாக்டர் சொன்னாலும் ஏறாது. நீங்கள் சொன்னால் ஏறும்.

என்ன நடந்தது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள் அண்ணா. திட்டமாட்டேன்.

உங்கள்
வாயாடி


மார்ச் 3

அன்புள்ள தங்கைக்கு,

வாயாடி என்று கூப்பிட இன்று எனக்கு வாய் இல்லை.

இதற்குள் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். ஆலை மருத்துவப் பரிசோதனை, போன ஜூன் மாதத்தியது. மேலே என் பெயரும் என் டோக்கன் எண்ணும் இருக்கும். ரத்தம் என்னுடையது இல்லை. மாப்பிள்ளையுடையது. அதில் சர்க்கரை இருக்கிறது, நிறைய இருக்கிறது. இதைப் படித்த உடனே மீதிக் கடிதத்தை வைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மீதி என் அவமானம்தான், அது காத்திருக்கும்.

எனக்கு இரண்டு வருஷமாகவே சந்தேகம் உண்டு. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் ராத்திரி என்று இருபது வருஷம் ஓடியவனுக்கு, எப்போது பசிக்க வேண்டும் என்று வயிற்றுக்கே தெரியாமல் போய்விடும். மூன்று மணி டீயையும் பிஸ்கட்டையும் நான்தான் எல்லோருக்கும் பழக்கினேன், உண்மை. வாய் காய ஆரம்பித்ததும் யாருக்கும் தெரியாமல் வெளியே ஒரு ஆய்வகத்தில் பார்த்தேன். இருந்தது. சர்க்கரை இருக்கிறவனைக் கிரேனில் ஏற்றமாட்டார்கள், மயக்கம் வந்தால் கீழே நிற்கிறவன் தலையில் இரும்பு விழும். நியாயமான விதிதான். அடுத்தவனுக்குச் சொல்லும்போது நானே அதை நியாயம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். எனக்கு வந்தபோது மட்டும் கசந்தது. அத்தனை பேரையும் மேலிருந்து பார்த்தவன் கீழே இறங்கிச் சீட்டெழுத வேண்டுமா என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் இருக்கும் என்று தேடாதே.

கேன்டீனில்தான் ரத்தம் எடுத்தார்கள். எடுக்க வந்தவர்கள் வெளியாட்கள், டோக்கன் எண்ணைத்தான் பார்ப்பார்கள், முகத்தை இல்லை. ஆலையில் எல்லோருக்கும் தலையில் ஹெல்மெட், மூக்கு வாய் மறைக்கிற தூசிக் கவசம், அதற்குமேல் எவன் யாரென்று எவனுக்குத் தெரியும்? கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு என்று நினைத்து மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. ராத்திரி வேலை முடித்துத் தூங்காமல் வந்து, என் சட்டையைப் போட்டுக்கொண்டு, "மச்சான், இந்தச் சட்டைக்குள்ள இன்னொரு ஆள் குடித்தனம் வைக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார். அதற்குக் கைமாறாகத்தான் அவருக்கு நிரந்தர ராத்திரி ஷிப்ட் வாங்கிக் கொடுத்தேன், வாராவாரம் மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஆலை டாக்டர் கூப்பிட்டார். "உங்களுக்கே தெரியாம ரொம்ப நாளா இருந்திருக்கு" என்றார். அடுத்தவர் நோய்க்குத் தலையாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் முதலில் நினைத்தது மாப்பிள்ளையை இல்லை. கிரேன் போச்சே என்றுதான் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் இனி எதையும் விட மாட்டேன்.

அப்புறம் சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். விடிய விடிய விழித்தவர், மூன்று மணிக்கு டீயும் பிஸ்கட்டும் தின்றவர், அதனால் ஏறியிருக்கும் என்று. காகிதத்தில் கடைசி வரியைப் பார். மூன்று மாதச் சராசரி என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ராத்திரி டீ அதை அசைக்காது என்று டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். எல்லாம் தெரிந்துதான் இருந்தேன்.

அன்று மாலை ஆலை வாசலில் சைக்கிளோடு நின்றார். "என்ன மச்சான், என் ரத்தம் பாஸா?" என்று கேட்டார். "பாஸு மாப்பிள்ளை" என்றேன். அப்போ ஏன் இறக்கிட்டாங்க என்றதற்குக் கண் பார்வை சரியில்லை என்று சொன்னேன். உங்கள் எல்லோருக்கும் அதையேதான் சொன்னேன், சர்க்கரை மாத்திரை வெளி டாக்டர் கொடுத்தது என்றேன். அவரிடம் உண்மையைச் சொன்னால் அவர் உன்னிடம் சொல்வார், உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயம். அது நாளைக்குச் சொல்லலாம் என்று ஆரம்பித்தது, எட்டு மாதம் ஆகிவிட்டது.

ஆலை என்னைப் பகல் வேலைக்கு மாற்றியது, மாத்திரை கொடுத்தது, எதைத் தின்ன வேண்டும் என்று ஒரு அம்மா உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எல்லாம் அந்தக் காகிதத்தால் கிடைத்தது. அவர் ரத்தம் எனக்குப் பகல் வேலை வாங்கிக் கொடுத்தது. நான் அவருக்கு ராத்திரி வேலை வாங்கிக் கொடுத்தேன். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லி மாற்றியிருக்கலாம். ஏன் என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

உன் கடைசிக் கடிதத்தை அண்ணி படித்தாள். அவளுக்கும் நேற்றுவரை தெரியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?" என்றாள். காலையில் மாத்திரையை மட்டும் எடுத்து வைத்தாள்.

நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். பேருந்து நிலையம் வரை வந்து திரும்பிவிட்டேன். போனைக் கையில் எடுத்தேன், மாப்பிள்ளை தூங்குவாரே என்று வைத்துவிட்டேன். அதுவும் சப்பைக்கட்டுதான். உங்கள் பக்கம் போகிற லாரி ஓட்டுநரிடம் இதைக் கொடுக்கிறேன். நாளைக் காலை வந்துவிடும். கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன், பலமாகவே தட்டச் சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளையிடம் இதை அப்படியே கொடு.

அண்ணன்


மார்ச் 26

அண்ணாவுக்கு,

நாலாம் தேதி காலை பத்து மணிக்கு ஓட்டுநர் வந்து தட்டினார். ஒன்பது மாதத்தில் எங்கள் கதவைப் பகலில் தட்டிய முதல் ஆள் அவர்தான். உங்கள் மாப்பிள்ளை எழுந்துவிட்டார். முதல் பத்தியோடு நிறுத்தி ஆட்டோ பிடித்தேன். மீதியை அவர் ஆட்டோவில் படித்தார்.

படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். அப்புறம், "பரவாயில்ல, என் ரத்தத்துக்கு ஒருத்தராவது வைத்தியம் பாத்துக்கிட்டாரே" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரை முந்நூற்று நாற்பது. சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். அதற்குமேல் பரவவில்லை, பாதம் தப்பித்தது. இன்சுலின் போடுகிறோம். நீங்கள் அனுப்பிய கருவியில்தான் தினமும் பார்க்கிறேன், ஸ்க்ரூவையெல்லாம் கொட்டிவிட்டு.

டாக்டர் என்னிடம், "மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா விரல் நின்னிருக்கும்மா" என்றார். வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் என் கைக்கு உங்கள் கடிதம் வந்தது. பழைய பருத்தித் துணியால் ஒத்தி எடுக்கச் சொன்ன கடிதம். நீங்கள் சொன்னபடியே நான் தினமும் இரண்டு வேளை ஒத்தி எடுத்தேன்.

பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். உங்கள் காகிதத்தை நீட்டினேன். "இது யார் பேரு?" என்றார். என் அண்ணன் பேரு, ரத்தம் என் வீட்டுக்காரருடையது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன், உங்களுக்குப் பதிலாக. அப்புறம் உங்கள் பெயரை அடித்துவிட்டு என் வீட்டுக்காரர் பெயரை எழுதிக் கோப்பில் சேர்த்தார்கள். திருப்பித் தர மாட்டார்கள்.

உங்கள் மேல் அவருக்குக் கோபமே இல்லை. "மச்சானைத் திட்டாத, அவரு நிலைமை அப்படி" என்று படுத்துக்கொண்டே எனக்குச் சொல்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டமாட்டேன் என்று நானும் எழுதியிருந்தேன். அதனால் திட்டவில்லை. ஒன்பது மாதம் குழந்தையைக் கிசுகிசுக்க வைத்து, குக்கரைக்கூட அடக்கி வைத்து, சத்தம் இல்லாவிட்டால் அவர் உடம்பு தேறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் எனக்கே என் மேல் வெட்கமாக இருக்கிறது.

கால் ஆறியதும் பகலில் கருவிக் கிடங்கில் வேலை தருவதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அவரிடம் நானே போய்க் கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை.

ஜன்னல் கம்பளியைக் கழற்றிவிட்டேன். வாசல் மணிக்கு ஒயர் மாட்டியாகிவிட்டது. பாப்பா வீட்டுக்குள் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறாள், முதல் இரண்டு நாள் அவளுக்கே பயமாக இருந்தது.

இனி இந்த வீட்டில் யாரும் பகலில் தூங்குவதில்லை. கடிதம் எழுத வேண்டிய காரணமும் இல்லை. ஆனால் போன் செய்யாதீர்கள் அண்ணா, கொஞ்ச நாளைக்கு வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் பழக்க தோஷத்தில் "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிடுவேன். இப்போது அதைக் கேட்க எனக்கு மனசில்லை.

தங்கை